கன்சோல் வந்தாச்சு, கூட என்ன வாங்கலாம்?

அக்கா மகன் தீபாவளித் தள்ளுபடியில் பிஎஸ்5 ஸ்லிம் வாங்கினான். பெட்டியைப் பிரிக்கும் முன்பே எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்துவிட்டது. சார்ஜிங் டாக், ஃபேன் வைத்த ஸ்டாண்ட், சிலிக்கான் உறை, கேமிங் ஹெட்செட், கேமரா, மீடியா ரிமோட். “மாமா, இதுல எதெல்லாம் அவசியம்? கார்டு ஆஃபர் நாளையோட முடியுது” என்று கீழே ஒரு வரி.

நான் திருப்பி அனுப்பிய பட்டியலில் அவன் கேட்டது எதுவும் இல்லை. அவன் கேட்காதவை சில இருந்தன. அவன் பட்டியல் கன்சோலுக்காகப் போட்டது. நான் போட்டது ராஜகீழ்ப்பாக்கத்தில், மாடியில், ஒரே டிவியை வைத்துக்கொண்டு நாலு பேர் குடியிருக்கிற வீட்டுக்கு. யூடியூபில் ஆக்சசரி வீடியோ போடுகிறவர்கள் பலரும் கரண்ட் போகாத ஊரில், ஏசி ஓடும் தனி அறையில், தனி மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களுக்கு எது தேவையோ அதைச் சொல்கிறார்கள். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரம் பக்கம் இருக்கிற நமக்கு வரிசையே வேறு. அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன். எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் கரண்ட். கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் வேளச்சேரி சாலையின் இரண்டு பக்கமும் காலி மனை இருந்த இடத்தில் எல்லாம் அடுக்குமாடி எழும்பிவிட்டது. மே மாத ராத்திரியில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும்போது மின்விசிறி சுற்றும் வேகத்திலேயே வோல்டேஜ் இறங்குவது தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல். 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் போய் நாள் கணக்கில் கழித்து கரண்ட் திரும்பும், அடுத்த நிமிஷம் போகும், மறுபடி வரும். எலக்ட்ரானிக் சாமான்களுக்கு ஆபத்தான நேரம் அதுதான்.

கன்சோலுக்குள் இருக்கிற பவர் சப்ளை கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். அதனால் ஸ்டெபிலைசர் வாங்க அவசியமில்லை. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எகிறி அடிக்கிற உயர் வோல்டேஜைத் தடுக்க சர்ஜ் புரொடெக்டர்தான் வேண்டும். இதில் கவனமாக இருங்கள். ‘ஸ்பைக் கார்டு’ என்று அச்சிட்டு விற்கிற எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாம் சர்ஜ் புரொடெக்டர் ஆகிவிடாது. பலவற்றில் ஒரு ஃபியூஸும் சிவப்பு விளக்கும்தான் இருக்கும். அட்டைப் பெட்டியில் எத்தனை ஜூல் தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண் இல்லாத போர்டைக் கன்சோலுக்கு வாங்க வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கட்டும். பாதுகாப்பு வேலை செய்கிறது என்று காட்டத் தனி விளக்கு வைத்த போர்டுகள் கிடைக்கின்றன. உள்ளே இருக்கிற பாகம் அடி வாங்கி வாங்கித் தேய்ந்துபோகும் வகை என்பதால் அந்த விளக்கு முக்கியம். அது அணைந்துவிட்டால் பிளக்கில் கரண்ட் வந்தாலும் பாதுகாப்பு இல்லை, போர்டை மாற்ற வேண்டும். பிஎஸ்5-க்கு வருவது இரண்டு முனை ஒயர், எர்த் பின் கிடையாது. ஆனால் போர்டு தன் வேலையை முழுதாகச் செய்ய அது சொருகியிருக்கும் சுவரில் எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய வீடு என்றால் ஒருமுறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுவது நல்லது.

இடி இடிக்கும்போது எந்தப் போர்டையும் நம்பிக்கொண்டு உட்காரக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கினாலும் போதாது. மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற டிவி கேபிள் செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு. டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகக் கன்சோலுக்கு. மின்னல் இந்த வழியாக வந்தால் கன்சோலின் எச்டிஎம்ஐ சிப் போய்விடும். அப்புறம் பவர் ஆன் ஆகும், படம் வராது. மழைக்காலத்தில் ஊருக்குக் கிளம்பினால் பவர், எச்டிஎம்ஐ, லேன் மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது இன்வெர்ட்டர். நம் பக்கம் இது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. பிஎஸ்5 ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். 43 அங்குல டிவி நூறு வாட்டுக்குள். ஆக, 300 வாட். வழக்கமான 900 விஏ இன்வெர்ட்டர் இதைத் தாங்கும். பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும், அந்த நேரத்தில் வீட்டில் மின்விசிறிதான் முக்கியம். அதனால் இன்வெர்ட்டரில் கன்சோலை இணைப்பது கரண்ட் போன பிறகும் விளையாடிக்கொண்டே இருப்பதற்காக வேண்டாம். ஆட்டத்தைச் சேவ் செய்து முறையாக அணைக்கப் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும்.

இதற்கு ஒரு பைசா செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கமோ முன்பக்கமோ யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைக்கு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் நார்மலுக்குப் பதில் ‘ஈகோ’ என்று எழுதியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அது நார்மலிலேயே கிடக்கும். அந்த நிலையில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்குள் கன்சோல் அணைந்துவிடும். யுபிஎஸ் நிலையில் ஏறக்குறைய பத்து மில்லி செகண்டில் மாறிவிடும், கன்சோலுக்குக் கரண்ட் போனதே தெரியாது. அக்கா வீட்டில் அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டேன். டிவிக்குப் பின்னால் இருக்கிற பிளக் பாயிண்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்ததுதான் அன்றைய செலவு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கன்சோலை அதில் போடாமல் இருப்பது நல்லது. சைன் வேவ் என்றால் கவலையில்லை.

புயல், மழை நாட்களில் ரெஸ்ட் மோடில் போட்டு வைக்காதீர்கள். ராத்திரி கரண்ட் போனால் காலையில் ஆன் செய்யும்போது கன்சோல் தன் சேமிப்பகத்தைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். முழுதாக அணைத்துவிடுங்கள்.

வெப்பத்துக்கு வருகிறேன். பிஎஸ்5 இயங்குவதற்கு சோனி சொல்லும் அறை வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரை. அக்கினி நட்சத்திரத்தில் மீனம்பாக்கத்தில் 40 தாண்டுகிற மதியங்களை நினைத்துப் பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ஹாலில் மதியம் மூன்று மணிக்கு ஆடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ராத்திரி ஆடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நம் வீட்டு டிவி யூனிட். ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பலகை அடைப்பு. அதற்குள் கன்சோலை வைத்துக் கதவைச் சாத்தினால் தான் வெளியே தள்ளுகிற சூட்டையே அது திரும்ப உள்ளே இழுக்கும். கன்சோல் பின்பக்கமாகத்தான் சூட்டைத் தள்ளுகிறது, பின்னால் குறைந்தது பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கதவைக் கழற்றுங்கள், அல்லது பின் பலகையில் பெரிதாக ஓட்டை போடச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் யூனிட்டின் மேல் தட்டில் வையுங்கள்.

ஃபேன் வைத்த ஸ்டாண்ட் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். பிஎஸ்5-க்குள்ளேயே பெரிய மின்விசிறி இருக்கிறது. காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். கீழே இன்னொரு சின்ன ஃபேனை ஒட்டினால் சத்தமும் தூசியும்தான் கூடும். ஸ்லிம்மை நிமிர்த்தி வைக்க ஸ்டாண்ட் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். படுக்கவைக்கச் சின்னக் கால்கள் பெட்டியிலேயே வருகின்றன. படுக்கவைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடும் வீட்டில் அதுதான் நல்லது.

தூசிக்குத் தேவையானது மென்மையான பிரஷ்ஷும், காற்று அடிக்கிற கைப் பம்பும். கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரப்பர் பம்ப் போதும். தெருவைத் தோண்டி மூடி, மறுபடி தோண்டுகிற இடத்தில் ஜன்னல் ஓரம் இருக்கிற கன்சோலை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். முதலில் வந்த பெரிய பிஎஸ்5-இல் பக்கத் தகட்டைக் கழற்றினால் தூசி வந்து சேர்வதற்கென்றே விட்ட துளைகள் தெரியும். வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து அங்கே உறிஞ்சினால் போதும். கரப்பான் பூச்சியை மறந்துவிடாதீர்கள். இளஞ்சூடான, இருட்டான இடம் அதற்குப் பிடிக்கும். ரிப்பேர் கடைகளில் திறந்து வைத்த பழைய பிஎஸ்4-களுக்குள் அது குடித்தனம் நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆடிக்கொண்டே சாப்பிட்டுச் சிந்திய மிக்சரைக் கூட்டிவிட்டுப் படுப்பது பாதி வேலையை முடித்துவிடும். மேலே உறை போட நினைத்தால் பழைய பருத்தித் துணி போதும். கன்சோல் ஆறிய பிறகு மூடுங்கள், ஆன் செய்யும் முன் எடுத்துவிடுங்கள்.

இனி நான் மனசாரக் காசு செலவழிக்கச் சொல்வது. இரண்டாவது கன்ட்ரோலர். அக்கா மகன் கேட்டது தனியாக ஆடுவதற்கான சாமான்கள். வீட்டில் தங்கை இருக்கிறாள், அத்திம்பேர் கிரிக்கெட் கேம் என்றால் சேரை இழுத்துப் போட்டு உட்காருகிறவர். ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய பொருளை ஒருத்தர் ஆட மூன்று பேர் பார்ப்பதைவிட, இன்னும் ஆறாயிரம் சொச்சம் போட்டால் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ‘இட் டேக்ஸ் டூ’ என்று 2021-இல் வந்த கேம் ஒன்று, அதை இரண்டு பேர் இல்லாமல் ஆடவே முடியாது. அண்ணனும் தங்கையுமாக அதை முடித்த வாரங்களில் அந்த வீட்டில் சண்டையும் சிரிப்பும் ஒரே சோபாவில் இருந்தன. எந்த ஹெட்செட்டும் அதைத் தராது.

பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் வீட்டில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பிஎஸ்5-இல் அதை வைத்து பிஎஸ்4 கேம்கள் ஆடலாம். பிஎஸ்5 கேம்கள் அதை ஏற்காது, அவற்றுக்கு பிஎஸ்5-இன் சொந்தக் கன்ட்ரோலரான டூயல்சென்ஸ்தான் வேண்டும். உரிமம் இல்லாத மற்ற கம்பெனி கன்ட்ரோலர்களுக்கும் பெரும்பாலும் இதே கதை. எக்ஸ்பாக்ஸ்காரர்களுக்கு இதில் சௌகரியம் அதிகம். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரே புதிய எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் ஓடும்.

வாங்கும்போது போலி மாட்டாமல் பார்க்க வேண்டும். டூயல்சென்ஸை வெளிச்சத்தில் திருப்பி, கைப்பிடியின் உள்பக்கத்து வெள்ளைப் பரப்பை உற்றுப் பாருங்கள். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். கிட்டத்தில் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு முழுக்க மிகச் சின்ன முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம். ஆயிரக்கணக்கில் நெருக்கமாகப் பொறித்திருப்பார்கள். போலிகளில் பெரும்பாலும் வெறும் புள்ளிகள்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும், கன்சோலிலேயே இலவசமாக இருக்கும் ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ கேமைப் போட்டு, விரல் அழுத்தும்போது ட்ரிகர் எதிர்த்துத் தள்ளுகிறதா, மழை பெய்யும் இடத்தில் உள்ளங்கையில் துளி விழுவது போல அதிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கன்ட்ரோலருக்கு வரும் பெரிய நோய் டிரிஃப்ட். குச்சியைத் தொடாமலே ஆள் தானாக நடப்பான், கேமரா தானாகத் திரும்பும். குச்சிக்கு அடியில் கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நுனி உரசிக்கொண்டே இருக்கிறது. குச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை அந்த உரசலில் கிடைக்கும் மின்தடைதான் சொல்கிறது. தடம் தேய்ந்தாலும் தூசி சேர்ந்தாலும் தப்பான செய்தி போகும். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூவருமே இந்த முறையைத்தான் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். ஸ்விட்சின் ஜாய்-கான் டிரிஃப்டுக்காக அமெரிக்காவில் 2019-இல் வழக்கே போட்டார்கள். மறுவருஷம் நின்டெண்டோ தலைவர் மன்னிப்புக் கேட்டார். இதற்கு மாற்று ஹால் எஃபெக்ட் குச்சி: காந்தத்தை வைத்து அளக்கும், உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் 8பிட்டோ, கேம்சர் மாதிரி கம்பெனிகளின் ஹால் எஃபெக்ட் கன்ட்ரோலரைத் தாராளமாக வாங்கலாம். பிஎஸ்5-க்கு அந்த வசதி குறைவு. குச்சிப் பகுதியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய டூயல்சென்ஸ் எட்ஜ் இருக்கிறது. விலை சாதாரணக் கன்ட்ரோலரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாள் முழுக்கப் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

வாரன்டி முடிந்த கன்ட்ரோலருக்கு டிரிஃப்ட் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரிலோ பூங்கா நிலையத்திலோ இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். குச்சி மாட்யூலை மாற்றிச் சால்டர் செய்து தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், சில நூறு ரூபாயில் வேலை முடியும். மாற்றும்போதே ஹால் எஃபெக்ட் மாட்யூல் போடச் சொல்லியும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேலை நாளில் போங்கள்.

வியர்வைக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சிலிக்கான் உறை போட்ட கன்ட்ரோலர் அரை மணி நேரத்தில் வழுக்க ஆரம்பிக்கும். உறைக்கும் உடலுக்கும் நடுவில் வியர்வையும் அழுக்கும் தங்கிப் பிசுபிசுக்கும். குச்சியின் தலையில் மாட்டும் சின்ன ரப்பர் குல்லாய் மட்டும் நல்லது. ரப்பர் தேய்வதைத் தடுக்கும், விரலும் வழுக்காது. பக்கத்தில் ஒரு கைக்குட்டை இருந்தால் போதும். சார்ஜிங் டாக்கும் தேவையில்லை. சாதாரண டைப்-சி கேபிளை ஃபோன் சார்ஜரில் மாட்டினாலே டூயல்சென்ஸ் ஏறிவிடும். மூன்று மீட்டர் நீளக் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சார்ஜ் போட்டபடியே சோபாவில் உட்கார்ந்து ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவது. ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல் நாலும் சார்ஜர் ஒன்றும் வாங்கிவிட்டால் வருஷக்கணக்கில் பேச்சில்லை.

சேமிப்பிடம் பற்றிக் கேட்டான். ஸ்லிம்மில் 1 டெராபைட் என்று போட்டிருந்தாலும் கேம்களுக்குக் கிடைப்பது சுமார் 840 ஜிபி. முதலில் வந்த பெரிய பிஎஸ்5-இல் சுமார் 667 தான். பெரிய கேம் ஒன்று நூறு ஜிபி என்று வைத்தால் ஆறிலிருந்து எட்டு கேமில் நிறைந்துவிடும். ஆனால் ஒரே நேரத்தில் ஆறேழு பெரிய கேம் ஆடுகிறவர் எத்தனை பேர்? முடித்ததை அழியுங்கள். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் நூறு ஜிபி இறங்க இரண்டேகால் மணி நேரம் போதும். டிஸ்க் டிரைவ் உள்ள மாடல் என்றால் இன்னும் நல்லது, ஆடி முடித்த டிஸ்கை விற்றுவிடலாம்.

புதிதாகச் சேமிப்பிடம் வாங்கும் முன் வீட்டில் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யுஎஸ்பி 3.0 வேகமும் குறைந்தது 250 ஜிபி அளவும் இருந்தால் பிஎஸ்5 ஏற்றுக்கொள்ளும். முதல்முறை சொருகும்போது அதில் இருப்பதை எல்லாம் அழித்து ஃபார்மட் செய்யும், கல்யாண ஆல்பம் உள்ளே இருந்தால் முதலில் வேறு இடத்தில் ஏற்றிவிடுங்கள். பிஎஸ்4 கேம்களை அதிலிருந்தே ஆடலாம். பிஎஸ்5 கேம்களை ஆட முடியாது, ஆனால் போட்டு வைக்கலாம். வேண்டும்போது உள்ளே நகர்த்த இருபது நிமிஷம் ஆகும். மறுபடி டவுன்லோட் செய்வதற்கு இது எவ்வளவோ மேல்.

அதுவும் போதவில்லை என்றால் எம்.2 எஸ்எஸ்டி. பெட்டியில் பார்க்க வேண்டியவை: ஜென் 4 என்.வி.எம்.இ, படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேல், ஹீட் சிங்க் ஒட்டியிருக்க வேண்டும், ஹீட் சிங்கோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். ஹீட் சிங்க் விஷயத்தில் சமரசம் கூடாது, அதுவும் நம் வெயிலில். கன்சோலை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, ஆறவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினால் ஒரே திருகு போட்ட சின்ன மூடி தெரியும். உள்ளே எஸ்எஸ்டியைச் சாய்வாகச் சொருகி, அமுக்கி, நுனியில் திருகு போட வேண்டும். அந்தத் திருகுக்கு அடியில் வைக்கும் வளையத்தை எஸ்எஸ்டியின் நீளத்துக்கு ஏற்ற குழிக்கு மாற்றி வைக்க வேண்டும். அது கையிலிருந்து நழுவி விழுந்தால் தேடுவது கஷ்டம். அதனால் வெள்ளைத் துண்டு விரித்த மேஜையில் இந்த வேலையைச் செய்யுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் இந்தச் சிரமமே இல்லை, பின்னால் கார்டைச் சொருகினால் முடிந்தது, விலைதான் கூடுதல். ஸ்விட்ச் 2 வாங்குகிறவர்கள் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதானா என்று இரண்டு முறை பாருங்கள். பழைய ஸ்விட்சின் கார்டில் புதிய கன்சோலின் கேம்களைப் போட முடியாது.

“மாமா, என் ப்ளூடூத் இயர்போன் கனெக்டே ஆகலை” என்று பத்து நாளில் ஒரு ஃபோன் வந்தது. ஆகாது. பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸும் ப்ளூடூத்தில் ஒலி அனுப்புவதில்லை. பிஎஸ்5-இல் அதற்குத் தனி யுஎஸ்பி டாங்கிள் வேண்டும். ஸ்விட்சில் மட்டும் 2021-இல் வந்த அப்டேட்டில் அந்த வசதி சேர்ந்தது. டிராயரில் கிடக்கும் பழைய ஒயர் இயர்போனைக் கன்ட்ரோலரின் 3.5 மிமீ துளையில் சொருகச் சொன்னேன். பிஎஸ்5-இன் முப்பரிமாண ஒலி சாதாரண இயர்போனிலும் வேலை செய்யும். காலடிச் சத்தம் இடது பின்பக்கத்திலிருந்து வருவதைக் கேட்டுவிட்டு அவன் ஹெட்செட் பேச்சையே விட்டுவிட்டான்.

டிவிக்குப் புதிய எச்டிஎம்ஐ கேபிள் வேண்டாம். பெட்டியிலேயே நல்ல கேபிள் வருகிறது. டிவியின் மெனுவில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே இருக்கும் தாமதம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும். மீடியா ரிமோட்டும் வேண்டாம். பிஎஸ்5 செட்டிங்கில் எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்கை ஆன் செய்தால் டிவி ரிமோட்டே கன்சோல் மெனுவில் ஓடும்.

டிவியைப் பற்றிப் பேசும்போது தொண்ணூறுகளின் துப்பாக்கி ஞாபகம் வருகிறது. மீடியா, சாமுராய் என்று விற்ற டிவி கேம்களோடு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும், வாத்து சுடும் கேசட் போட்டு ஆடுவோம். ட்ரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழலில் இருந்த ஒளி உணரி அதைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். பிக்சர் டியூப் டிவி போய் எல்சிடி வந்ததும் அந்தத் துப்பாக்கிகள் எல்லாம் ஒரே நாளில் வீணாயின. ஒரே ஒரு வகை டிவிக்கு, ஒரே ஒரு கேமுக்கு என்று பிறந்த சாமானுக்கு ஆயுசு குறைவு. ஸ்டீரிங் வீல், விஆர் கண்ணாடி வாங்க நினைக்கிறவர்கள் அதற்கான கேம் தங்களிடம் எத்தனை இருக்கிறது, இன்னும் எத்தனை வாங்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளின் உண்மையான கேள்வி, சாயங்காலம் டிவி யாருக்கு என்பது. ஏழிலிருந்து பத்து வரை அக்காவுக்கு சீரியல். நாள் முழுக்க வேலை செய்தவளுக்கு அந்த மூன்று மணி நேரம் முழுசாக வேண்டும், அதில் பங்கு கேட்பது சரியில்லை. இதற்கு ரிமோட் பிளே ஆப் இருக்கிறது, இலவசம். கன்சோல் ஹாலில் ஓடும், படம் அவன் ஃபோனில் வரும், கையில் அதே டூயல்சென்ஸ். கன்ட்ரோலரோடு ஃபோனைப் பிடித்துவைக்கும் கிளிப் சில நூறு ரூபாய்தான். பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று தனிக் கருவி விற்கிறார்கள். வீட்டுக்குள் அது செய்வதும் அடிப்படையில் இதே வேலை. படம் திக்காமல் வரவேண்டும் என்றால் ரௌட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு கேட்-6 லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். அக்கா வீட்டில் வாங்கியவற்றில் அதிகம் பயன்பட்டது அந்த ஒயரும் கிளிப்பும்தான். ரௌட்டருக்குச் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றும் வைத்தோம். அது வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அத்திம்பேருக்கும் உதவுகிறது.

ஸ்விட்ச் பற்றி ஒன்று. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ கிடைப்பவை எல்லாம் இறக்குமதி. கடைக்காரர் தரும் வாரன்டி அந்தக் கடையோடு நின்றுவிடும். சார்ஜர் 240 வோல்ட் வரை தாங்கும், பின் மட்டும்தான் வேறு. நல்ல கன்வர்ஷன் பிளக் ஒன்றும் திரைக்கு ஒட்டும் கண்ணாடியும் வாங்கினால் போதும்.

கடைசியாக, பட்டியல்கள் எதிலும் அதிகம் வராத ஒரு சாமான். இரண்டு கையாலும் கன்ட்ரோலரைப் பிடிக்க முடியாத பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரையும், சோனி 2023 டிசம்பரில் ஆக்சஸ் கன்ட்ரோலரையும் கொண்டுவந்தன. எக்ஸ்பாக்ஸுடையதில் உள்ளங்கை அளவு பட்டன் இரண்டு, பின்னால் வரிசையாக 19 ஜாக்குகள். ஒவ்வொரு ஜாக்கும் ஒரு பட்டனுக்கு. காலால் மிதிக்கிற சுவிட்ச், முழங்கையால் அழுத்துகிற சுவிட்ச், தலையைச் சாய்த்தால் படுகிற சுவிட்ச் என்று அந்தப் பிள்ளைக்கு எது அசைகிறதோ அதற்கேற்ப இணைத்துக்கொள்ளலாம். சோனியுடையதில் அப்படி நாலு ஜாக்குகள். நம் பக்கத்துக் கடைகளில் இவற்றை நான் பார்த்ததில்லை, வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் வரும்போது சொல்லிவைக்கலாம். எந்தச் சுவிட்சை எங்கே பொருத்துவது என்பதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் நமக்கு எட்டும் தூரத்தில், முட்டுக்காட்டில் இருக்கிறது.

இதற்கென்று விற்கும் சுவிட்சுகள் விலை அதிகம். ஆனால் அந்த ஜாக் சாதாரண 3.5 மிமீ அளவுதான். ரிச்சி தெருவில் ஒரு மோனோ பின், ஒரு பெரிய புஷ் பட்டன், இரண்டு மீட்டர் ஒயர் வாங்குங்கள். பின்னின் நுனிக்குப் போகும் முனையில் ஓர் ஒயர், அடி உலோகத்துக்குப் போகும் முனையில் இன்னொரு ஒயர், இரண்டின் மறுமுனையும் பட்டனில். பட்டனை ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் ஓட்டை போட்டுப் பொருத்தினால் சுவிட்ச் தயார். சால்டரிங் தெரிந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். செய்து தர முடிந்தவர்கள் கீழே கமென்டில் சொல்லுங்கள், தேவைப்படும் வீடுகளோடு நான் சேர்த்துவிடுகிறேன்.